யாருக்கு வலது?

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்காரர்களிடம் பிரேக் என்று சொன்னால் சேவியர்ராஜின் பட்டறைக்குத்தான் கை காட்டுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்த ராட்சச வண்டிகளை நிற்க வைத்துக் கொடுத்தவன். சொந்த அம்பாசிடருக்குத் தேய்ந்த பிரேக் லைனிங்கை மாற்ற மட்டும் அவனுக்கு நேரமில்லை. அவ்வளவு கெட்டிக்காரன்!

அந்தக் கெட்டிக்காரத்தனம் போன சனிக்கிழமை சந்தி சிரித்தது. மனைவி டெபோராவுக்கு டயாலிசிஸ் முடிந்து சேலத்திலிருந்து திரும்பும்போது, முன்னால் போன முட்டை வண்டி சட்டென்று நின்றது. இவன் மிதித்தான். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டெபோரா வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"இனி எந்தக் கார்லயும் ஏற மாட்டனுங்க. ஊருக்கெல்லாம் பிரேக் வெச்சுக் குடுக்கறீங்கல்ல? நம்மூட்டு வண்டிக்கு நல்லதா ஒண்ணு வைங்க. அப்பறம் வாரேன்."

பிரேக் ஒரு சாக்கு என்று அவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக, வாரத்துக்கு மூன்று முறை ஊசிக்குக் கையை நீட்டி அவள் அலுத்துப்போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை வாடகைக் கார் வந்து வாசலில் நின்றபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றாள். வியாழக்கிழமை காலையில் முகமெல்லாம் வீக்கம், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க, இதுக்கு மேல தாங்காது" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில்.

அதற்குள் சேவியர்ராஜ் ஈரோட்டுப் பழைய சாமான் கடையில் அலைந்து, ஒரு காண்டெஸா காரின் முன் டிஸ்க் பிரேக் இரண்டையும் வாங்கி வந்து மாட்டியிருந்தான். வேகமாக ஓடுகிற கார், அதற்குத் தகுந்த பிரேக். ஆனால் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரித் தரை வரைக்கும் போனது. ஆயில் குழாய்க்குள் காற்று. லாரியில் காற்றுதான் பிரேக்கையே வேலை செய்ய வைக்கும். காரில் அதே காற்று ஆளைக் கொன்றுவிடும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பட்டறை ஆளைக் கூப்பிட அவள் விடவில்லை.

"நானே மிதிக்கறனுங்க. புடிக்குதா இல்லியான்னு என்ற காலுக்குத் தெரியோணும்."

"மிதி சாமி... அப்படியே புடிச்சுக்க." வீங்கிய காலால் மிதித்தாள். மறுபடி மிதித்தாள். இரண்டு பாட்டில் ஆயில் தீர்ந்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. மணி இரண்டு. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அவள் மூச்சுக்குத் திணறுவது காருக்கு அடியில் படுத்திருந்தவனுக்குக் கேட்டது. தன் கையாலேயே அவளைக் கொன்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. வெளியே வந்து ஸ்பேனரை விட்டெறிந்தான். வெட்கமில்லாமல் அழுதான்.

"எழுதியிருந்தபடிதான மாட்டுனேன்! கடைக்காரன் கட்டிவிட்ட அட்டைல வலதுன்னு இருந்ததை வலது பக்கம், இடதுன்னு இருந்ததை இடது பக்கம். இதுக்கு மேல நான் என்ன பண்றது மாதாவே!"

டெபோரா தலையைத் தூக்கினாள். உடம்புக்கு முடியாமல் போகும்வரை ஜாக்கெட் தைத்தவள்.

"ஏனுங்க... யாருக்கு வலது? போடறவளுக்கா... எதுக்க நின்னு பாக்கறவனுக்கா? தைக்கப் பழகுன மொத வருசம் பூரா நான் இதுலதான் கை மாத்தி வெட்டுவேன்."

லாரி உலகத்தில் வலதும் கிடையாது, இடதும் கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான். பழைய சாமான் கடைக்காரன் பானெட்டுக்கு முன்னால் நின்று எழுதியிருக்கிறான். சேவியர்ராஜ் குனிந்து பார்த்தான். பக்கம் மாறியதில், மேலே இருக்க வேண்டிய நிப்பிள் இரண்டு சக்கரத்திலும் கீழே இருந்தது. காற்று மேலே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கீழே திறந்தால் எப்படி வரும்? நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பக்கம் மாற்றி மாட்டி முடிக்க மூன்று மணி தாண்டிவிட்டது. அவள் மிதித்தாள். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. பிறகு வெறும் ஆயில் மட்டும்.

"கல்லாட்டம் நிக்குதுங்க," என்றாள். அவளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தான். ஏற மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

வழியில் மல்லசமுத்திரத்தில் ஒரு காலேஜ் பஸ் குறுக்கே திரும்பியது. கண்ணை மூடாத குறையாக மிதித்தான். கார் இம்மியும் இழுக்காமல் நேராக நின்றது.

"நின்னுருச்சுங்களா?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"நின்னுருச்சு சாமி."

அவள் இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"செரி. இனி எங்கயும் நிறுத்தாமப் போங்க."