சிவப்புக் கோட்டுக்குக் கீழே பால், மேலே சாராயம்

இன்று காலை முழுவதும் என் பிரிட்ஜ் கதவில் ஒரு போத்தல் குறையாக நின்றது. ஒரு காலத்தில் சாராயம் இருந்த, லேபிள் சுரண்டிய கண்ணாடிப் போத்தல். கழுத்துக்குச் சற்றுக் கீழே, சுற்றிவர, என் சிவப்பு நகப்பூச்சால் இழுத்த ஒரு கோடு. கோடு வரை கோப்பி நிறத்தில் பால். கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. வழமையாக அந்த இடத்தைச் சாராயத்தால் நிரப்பிவிட்டுத்தான் மூடியைத் திருகுவேன். இன்றைக்குக் கை போகவில்லை. பின்னேரம் ராத்தா வருவதாக இருந்தது. மதுரங்குளியில் தம்பி மகளின் கலியாணத்துக்கு மன்னாரிலிருந்து வந்தவர், அஸர் தொழுதுவிட்டு ஆலங்குடாவில் என் விடுதிக்கும் ஒரு எட்டு வந்து போவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத்தான் ராத்தா என்பார்கள். எனக்கு அவர் உடன்பிறப்பல்ல. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர் ஐந்து நேரத் தொழுகையையும் விடாதவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, இங்கே பக்கத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் குடும்பம் நடத்தி, பிறகு கல்வீடு கட்டியவர். என்னுடைய ஆறு அறை விடுதியின் குசினியை ஆறு வருடம் ஆண்டார். ஆண்டார் என்றுதான் சொல்லவேண்டும். முதலாளி நான், ஆனால் குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவர் அவிக்கும் வட்டிலப்பத்துக்காகவே, கடலில் சறுக்கக் காற்றில்லாத நாளிலும் அறையைக் காலி செய்யாமல் கிடந்த வெள்ளைக்காரர்களை எனக்குத் தெரியும்.

ஐரிஷ் கிரீம் எங்கள் விடுதிக்குள் வந்தது ஓர் ஓய்வுபெற்ற அயர்லாந்து டீச்சரால். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் விளையாட்டுக்கு மகன் வருவான். காவலுக்கு அம்மா வருவார். பகல் முழுக்கக் கதிரையில் இருந்து புத்தகம் வாசிப்பார். நாலு மணியானால் பெட்டியிலிருந்து ஒரு போத்தல் வெளியே வரும். விஸ்கியும் பாலாடையும் கோப்பியும் சொக்லேற்றும் சேர்ந்த இனிப்பான மது. எனக்கும் ஒரு சின்னக் கிளாஸ் தருவார். எனக்கு நாக்கு நல்லது. அதில் அடக்கம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. விமான நிலையத்தில் வாங்கிய பெயர்பெற்ற சரக்கு முதல் மிடறில் மயக்கும், மூன்றாவதில் அலுக்கும். மலிவானது மாஜரின் பூசிய மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டீச்சரின் தங்கை வீட்டில் முட்டை அடித்துச் செய்து அனுப்பியதுதான் அவற்றில் உருப்படியானது. வட்டிலப்பத்தை அவிக்காமல் குடித்தது போலிருந்தது. நான் சொன்னதை டீச்சர் மறுக்காமல் கேட்டுவிட்டு, அப்படியானால் நீயே ஒன்று செய்து காட்டு என்றார்.

செய்தேன். கொதிக்கிற பாலுக்குள் விஸ்கியை ஊற்றினேன். பால் திரைந்து, கைக்குழந்தை கக்கியது போலக் கட்டி கட்டியாக மிதந்தது. இரண்டாம் தரமும் அதே கூத்து. மூன்றாம் தரம் ராத்தாவால் பொறுக்க முடியவில்லை. சாராயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாலைப் பாழாக்குவதுதான் அவருக்கு நோவு. அடுத்த நாள் அவரே ஒரு சட்டியை அடுப்பில் வைத்தார். தேங்காயின் முதற்பால், ரின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால், கித்துள் மரத்துப் பாணி, கடும் கோப்பிச் சாயம், ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. சிறு நெருப்பில் காய்ச்சி, ஆறவைத்து, வடித்தார். பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் அதையே குளிரவைத்துக் கொடுத்தோம். மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவருடைய சட்டிக்கும் அகப்பைக்கும் என் போத்தல்களின் வாடைகூடப் படக்கூடாது என்று கட்டளை. “நான் பால் காய்ச்சுறன். அதுக்குப் பொறகு நீ என்ன ஊத்துறாய் எண்டு எனக்குச் சொல்லவும் வேணாம்” என்றார். அன்றைக்குத்தான் போத்தலில் கோடு போட்டேன். கோடு வரை அவருடையது, மேலே என்னுடையது. விஸ்கியை விட்டுவிட்டுத் தென்னஞ்சாராயத்துக்கு மாறியது என் மூளை. தேங்காய்ப்பாலுக்கு அதுதான் சொந்தக்காரன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. தனியாகக் குடிக்க அருமையாக இருக்கும் பால், சாராயம் சேர்ந்ததும் சப்பென்று போகும். சாராயம் இனிப்பைத் தின்னும், கோப்பியை அமுக்கும். ஆகவே எனக்கான பாலை ராத்தா தன் நாக்குக்குப் பிழையாகத் தெரியும்படி, கசப்பும் உப்பும் பாணியும் ஒரு படி கூட்டிக் காய்ச்சவேண்டும். எவ்வளவு கூட்டுவது? முடிந்த பொருளை அவர் ஒருநாளும் வாயில் வைக்கப்போவதில்லை. நான் சொல்வதுதான் கணக்கு. “உன்ட நாக்க நம்பித்தான் உப்புப் போடுறன், தங்கச்சி” என்பார். தன் சமையலில் அடுத்தவள் மூக்கை நுழைக்க விடாத மனுஷி, இந்த ஒன்றில் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு வருடம் டீச்சர் வந்தபோது நோன்பு மாதம். ஒரு பின்னேரம் எல்லாவற்றையும் வரிசையில் வைத்து, எது எதென்று சொல்லாமல், விருந்தினரைக் கொண்டு ருசி பார்ப்போம் என்றார். விமான நிலையத்துச் சரக்கு, மலிவுச் சரக்கு, தங்கையின் முட்டைப் போத்தல், எங்களுடையது. ராத்தா நோன்போடு பால் காய்ச்சினார். சமைக்கிறவர் நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று சிலர் சொல்வார்கள். ராத்தா அதற்கும் சம்மதிக்கமாட்டார். எல்லாம் கைப்பக்குவம். அன்றைக்கு வெயில் வேறு. இடையில் மீன்காரன் கூப்பிட்டு, போய் வந்தவர், போட்ட உப்பை மறந்து இன்னொரு தரம் போட்டிருக்கவேண்டும். எனக்குக் கரண்டியை நீட்டினார். ஒரு துளியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது; விடியலுக்கு முன்னிருந்து நின்ற கால். இன்னொரு சட்டி காய்ச்சச் சொல்ல மனம் வரவில்லை. “நல்லா இருக்கு ராத்தா” என்றேன். சாராயம் சேர்ந்தால் உப்பு அடங்கிவிடும் என்று எனக்கே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடங்கவில்லை. விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்து, கிளாஸை வைத்துவிட்டார்கள். டீச்சரும் வைத்துவிட்டார். குசினி யன்னலிலிருந்து பார்த்தால் மேசை தெரியும். மூன்று வரிசை காலி, எங்கள் வரிசை நிரம்பியபடியே.  பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ராத்தா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். பிறகு, தனக்கென்று சட்டியிலிருந்தே எடுத்து மூடிவைத்திருந்த பாலை, நல்லா இருக்கு என்று நான் சொன்ன அதே பாலை, வாயில் ஊற்றினார். பகல் முழுக்கத் தண்ணீர் படாத தொண்டைக்குள் உப்பு. அவர் ஒதுக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடிப்போய்த் தட்டிவிட்டிருப்பேன்.

என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. “நான் கண்ணக் கட்டிக்கொண்டு நடக்கிறன். நீதானே கையப் புடிச்சிருக்கிறாய். என்னப் பாத்துப் பாவம் எண்டு நினைச்சு, குழி இருக்கிறதச் சொல்லாம விட்டுட்டாய்.” அவ்வளவுதான். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நானே சமைத்தேன். என் மகன் சாப்பிட்டுவிட்டு, ராத்தா எப்ப வருவா என்று கேட்டான். எனக்குச் சமையல் போனது பெரிதில்லை. என்னை நம்பிய ஒரு ஆளின் நம்பிக்கையை, இரக்கம் என்ற பெயரில் நானே கெடுத்துவிட்டேனே என்பதுதான் பெரிது.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது என்றேன். நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முற்றம் கூட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் குசினியில் அடுப்புச் சத்தம். உள்ளே போனால், நோன்போடு நின்று, ஒரு கரண்டிப் பாலை நீட்டினார். கண் என் முகத்திலேயே. வாயில் வைத்தேன். வேப்பங்கொட்டைக் கசப்பு. மூன்று நாள் வராத மனுஷி, இன்றைக்குத்தான் வந்திருக்கிறார், இதைச் சொன்னால் மறுபடியும் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

“ராத்தா, இது வாயில வைக்க ஏலாது” என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். திரும்பி, அடுப்புக்குப் பின்னால் மூடியிருந்த இன்னொரு சட்டியின் மூடியை எடுத்தார். “அது சும்மா கோப்பி ஊத்தின பால், பாணியே போடல்ல. இப்ப இதப் பாரு” என்றார். பார்த்தேன். கோப்பி இன்னும் அரைக் கரண்டி வேண்டும் என்றேன். போட்டார். அந்தப் பாலில் செய்த போத்தலிலிருந்துதான் டீச்சர் ஊருக்குப் போகும் அன்று இரண்டு கிளாஸ் குடித்தார். தங்கையினதைவிட இது ஒரு படி மேல், ஆனால் தங்கைக்குச் சொல்லிவிடாதே என்றார்.

பிறகு மகளும் மருமகனும் மன்னாரில் பழைய காணியில் வீடு கட்ட, ராத்தாவும் அவர்களோடு போய்விட்டார். அவருடைய சட்டியை நான் தனியாக வைத்திருக்கிறேன். இன்றுவரை அதில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. இப்போது கோட்டுக்குக் கீழேயும் நான்தான், மேலேயும் நான்தான். விருந்தினர் எல்லாரும் ஆஹா என்கிறார்கள். எனக்கும் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் காய்ச்சியதை நானே ருசி பார்க்கும்போது என் நாக்கை நானே நம்புவதில்லை.

அதனால்தான் இன்றைக்குப் போத்தல் காத்திருந்தது. போத்தலுக்குப் போகாமல் அவருடைய சட்டியிலேயே குளிரவைத்த மிச்சப் பாலைப் புதுக் கிளாஸில் ஊற்றி ராத்தாவுக்கு முன்னால் வைத்தேன். எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்தேன். முன்பு அவர் அப்படித்தான் நிற்பார். கொஞ்சம் குடித்தார். கிளாஸை மேசையில் வைத்தார். வெயிலில் வந்த என்னுடைய ஆள், எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறோம், ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“உப்புக் காணாது, தங்கச்சி” என்றார்.

உண்மைதான். அந்த நோன்பு மாதத்திலிருந்து உப்பென்றால் எனக்குப் பயம்; குறைத்தே போடுவேன். இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லவில்லை. ராத்தா ஓட்டோ ஏறிப் போனபின், போத்தலுக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குலுக்கினேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே சாராயம் ஊற்ற அப்போதுதான் கை போனது.