நான் தடுத்த ஒரு வாரம்

மூணாறு எஸ்டேட் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். பிள்ளைகள் போகும் ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு தாய் துணைக்கு வரவேண்டும் என்று எங்கள் லயத்துக் குடியிருப்புப் பெண்கள் முடிவெடுத்து, முதலில் என்னிடம் வந்தார்கள்.

“பதினாலு வருசமா ஓட்டுறேன். என்னையவா சந்தேகப்படுறீக?” என்று கத்தினேன்.

“உன்னைய மட்டும் சொல்லல தம்பி, எல்லாருக்குந்தான்” என்றார் கொழுந்து பறிக்கும் மேரி அக்கா.

நான் கேட்கவில்லை. மற்ற டிரைவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் தடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் கேட்டாள்: “டியூசன் ஜீப்புலயும் ஒரு அம்மா வருவாங்களாப்பா?”

“ஏம்மா?”

“அந்த டிரைவர் மாமா தெனமும் என்னைய முன்னாடி உக்கார வைக்காரு. எனக்குப் பயமா இருக்கு.”

அந்த மாமா, என் பக்கம் நின்று என்னைவிடச் சத்தமாகக் கத்தியவன்.

மேரி அக்காவைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வழிநெடுக அவர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் என் மானத்துக்காகச் சண்டை போட்ட அந்த வாரமும் என் மகள் அந்த ஜீப்பில்தான் போய்வந்தாள்.