எந்தப் பனி

மார்கழி பிறந்தால் மாதங்கி காலையில் முதல் வேலையாகக் கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுப் பால்கனிக் கம்பியில் விரலை இழுத்துப் பார்ப்பாள். விரல் நனைந்தால், "இன்னிக்குப் பனி ஜாஸ்தி, தலையை மூடிக்கோ" என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் பனி குறைந்த குளிர்காலக் காலை ஒன்றுகூட விடிந்ததில்லை. மகள் மஹிமா குரங்குக் குல்லாயைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

மாதங்கி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஃபோன் அடித்தால் எடுப்பாள்; தானாக யாரையும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி பேமா, சந்தக்ஃபூ மலைப்பாதையில் கடைசி ஏற்றத்துக்குக் கீழே விடுதி நடத்துகிறவள். மலையேறப் போய்ப் பழகிய மஹிமாதான், பேமா தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கொல்கத்தா வந்தபோது வீட்டில் தங்கவைத்தாள். அன்றிலிருந்து பேமா ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். இருவருக்குமே ஹிந்தி அரைகுறை. அதனால் பேச்சு தடையில்லாமல் ஓடியது.

போன ஜனவரியில் மஹிமா, சால்ட் லேக் ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேரை முதல்முறையாகத் தன் பொறுப்பில் அழைத்துப் போக இருந்தாள். கிளம்பும் அன்று காலை பேமாவின் ஃபோன் வந்தது. விழுந்த பனி பகலில் உருகி இரவில் இறுகி, ஏற்றம் முழுக்க 'ஷீஷா', அதாவது கண்ணாடியாகக் கிடக்கிறதாம்; வெயில் ஏறிப் பத்து மணி ஆனால்தான் கொஞ்சம் இளகுமாம்.

மாதங்கி மகளிடம் போய்ச் சொன்னாள். "மேலே பனி ஜாஸ்தியாம்டி. பத்து மணிக்கு முன்னாடி ஏறாதே."

"உனக்கு நம்ம பால்கனியிலேயே பனி ஜாஸ்திதானேம்மா!"

மஹிமா அதை மூடுபனி என்று எடுத்துக்கொண்டாள். வெயில் வந்தால் விலகிவிடும் என்று நினைத்து, பாரமாக இருந்த ஒரு பையை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலேறினாள்.

மறுநாள் பெருக்கும்போது அந்தப் பை செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் அகப்பட்டது. ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள், ஒன்பது ஜோடி. கண்ணாடி மேல் ரப்பர் ஷூ எப்படி நிற்கும்?

மலைப்பக்கம் போனால் மஹிமாவின் ஃபோன் வேலை செய்யாது. மாதங்கி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே பேமாவின் எண்ணை அழுத்தினாள். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பத்தொன்பதாவது தடவை கிடைத்தது.

"பேமா, என் பொண்ணு இரும்புப் பல் இல்லாம வரா. சொன்னா கேக்க மாட்டா. ஏற விடாதே!" பதற்றத்தில் அவ்வளவையும் தமிழில் கொட்டிவிட்டு, பிறகு நிதானமாக ஹிந்தியில் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, பேமாவின் விடுதியிலிருந்து சூரியோதயம் பார்க்க இருட்டோடு கிளம்பிய ஒன்பது பேருக்கும் ஷூ கிடைக்கவில்லை. பேமா அவற்றை விறகுப் பெட்டியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குத்தான் எடுத்துக் கொடுத்தாள். வெயில் படாத முதல் வளைவுக்குப் போன மஹிமா ஒரு காலை வைத்தாள். கால் வழுக்கிக்கொண்டு போக, பின்பக்கமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் பள்ளம். எழுந்ததும் எல்லோரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏம்மா, நீ சொன்னது அந்தப் பனியா?"

"நான் ஒரே பனியைத்தான் சொன்னேன். உன் காதுலதான் வேற பனி விழுந்திருக்கு."

"ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பா, டாப்புக்குப் போகாம வந்துட்டோம்னு."

"சிரிக்கட்டும். ஒம்பது பேரும் முழுசாப் போய் நின்னுதானே அந்தச் சிரிப்பைக் கேக்கப்போறேள்."

இப்போது அந்த வீட்டில் பால்கனிக் கம்பியில் இருப்பதுதான் பனி. மலையில் இருப்பது கண்ணாடி. இரும்புப் பல் பை வாசற்கதவுக் கொக்கியில் தொங்குகிறது. மாதங்கி பேமாவிடம் விசாரித்துச் சொல்லாமல் மஹிமா டிக்கெட் எடுப்பதில்லை. ஃபோனை மாதங்கிதான் போடுகிறாள்.