சுற்றுக்குள் வைத்த பட்டியல்

எங்கள் கணக்கீட்டு அறையில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னால் பல் மிஞ்சாது. மக்கர் பண்ணிய பிரிண்டரை உதைத்தே ஓட வைத்தவள் அவள். பக்கத்து நாற்காலி எனக்கு. தினமும் திட்டு வாங்கினாலும் அவளை எனக்குப் பிடிக்கும்.

தொழிற்சாலை பாய்லரின் நீராவி வால்வை எவ்வளவு வேகமாக மூடலாம் என்பதை அவள் எழுதிய புரோகிராம்தான் சொன்னது. பாய்லரை ஓட்டியவர் அவள் கணவர். ஒரு நாள் அது வெடித்தது. தகடு கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. உதவியாளன் நின்ற இடத்திலேயே செத்தான். கணவருக்கு வலது கை முழங்கையோடு போயிற்று. ஒரு கேள்விகூடக் கேட்காமல், "அவசரப்பட்டு மூடிட்டான்" என்று நிர்வாகம் பழியை அவர் தலையில் போட்டது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. செத்தவனின் அண்ணன் ஒரு வெல்டர். "வெளிய வரட்டும், மிச்சக் கையையும் எடுக்கிறேன்" என்று இரும்புக் கம்பியோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"அவரு நான் சொன்ன வேகத்துலதான் மூடியிருப்பாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கணக்கைத் திரும்ப எடுத்தாள். வால்வை மூடியதும் அழுத்தம் எப்படி மாறுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாகக் கணக்கிடுவது அது. ஒவ்வொரு சுற்றின் விடையையும் பட்டியலில் சேர்த்து, அதில் பெரியதைப் பார்க்க வேண்டும். புரோகிராமில் வெற்றுப் பட்டியலைத் தொடங்கும் வரியைச் சுற்றுக்கு முன்னால் வைக்காமல் சுற்றுக்கு உள்ளே வைத்திருந்தாள். சேர்த்ததெல்லாம் சுற்றுக்குச் சுற்று துடைபட்டுப் போய்க் கடைசி எண் மட்டும் நின்றது. எல்லாம் அடங்கிய பிறகு வரும் சாதுவான எண். அதை நம்பித்தான் சரி என்று சொல்லியிருந்தாள்.

வரியைச் சுற்றுக்கு மேலே ஏற்றி, புரோகிராமை மறுபடி ஓட்டினாள். நடுவில் அழுத்தம் பாய்லர் தாங்காத அளவுக்கு எகிறிப் போயிருந்தது. முஷ்டியால் திரையைக் குத்தினாள். கண்ணாடி கையைக் கிழித்தது.

"நான்தாண்டி கொன்னேன்."

"யாரும் பாக்கல. வாயை மூடிட்டு இரு" என்றேன்.

"அவரை அந்த வெல்டர் கம்பிக்குக் குடுத்துட்டா?"

ரத்தக் கையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் வெல்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் இடுப்பைப் பிடித்தேன், உதறித் தள்ளினான்.

"எத்தனை வேணா அடி. உள்ள இருக்கிறவரை மட்டும் விட்டுடு" என்றாள்.

அவன் அழுதான். "ஒரு வரி இடம் மாறினதுக்கா என் தம்பி செத்தான்?"

"ஆமா."

அவன் மறுபடியும் கம்பியை ஓங்கினான்.