நோலீன் திருப்பிப் போட்ட ஸ்லைடு

குல்லாவை இழுத்து இடது கண்ணை மூடிக்கொண்டார் என்றால் நோலீன் டாரன்ட்டுக்கு ரயில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கண்ணை மட்டும் மூட அவருக்கு வராது. மூடினால் இரண்டும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பழகிய கால்கள் வேலியோரத்திலும் பிரேக்கைத் தேடுவதுபோல அகன்றே நிற்கும். கேமராவைச் சொடுக்கியதும், "ஏறியாச்சு, போலாம்" என்பார். பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது சொல்லிச் சொல்லி வாயோடு ஒட்டிக்கொண்ட வார்த்தை அது.

எண்பது வயதாகிறது. கோல்பர்ன் ஊர் ரயில் பாதையோரம் இப்போது கூடும் இளவட்டங்கள் படம் எடுத்த கையோடு போனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பாராட்டுக் கட்டைவிரல்கள் வந்து குவிந்துவிடுகின்றன. "கட்டைவிரலை வச்சு நான் என்ன பண்ண? என்ன தப்புன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறானே" என்று அலுத்துக்கொள்வார் நோலீன். அவர் படித்த பள்ளிக்கூடம் வேறு.

அந்தக் காலத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, தேவாலயத்துப் பின்கூடத்தில் ரயில் படக்காரர்கள் கூடுவார்கள். மண்ணெண்ணெய்க் கணப்பு ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்கும். ப்ரொஜெக்டர் விளக்கில் தூசி கருகும் வாசனையும் ஆறிப்போன தேநீர் வாசனையும் கலந்து வரும். யாராவது விளக்கை அணைப்பார்கள். சுவரில் ரயில் வந்து நிற்கும்.

நோலீன் அங்கே போய்ச் சேர்ந்தது கோதுமைச் சரக்கு வண்டியால்தான். தினமும் ரயில்வே கேட்டில் அந்த வண்டிக்காகப் பேருந்தை நிறுத்த வேண்டும். பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கணவர் கிளாரியின் கேமராவால் கண்ணாடி வழியாகவே ஒரு படம் எடுத்தார். அந்தப் பிலிம் துண்டைத்தான் அட்டைச் சட்டத்தில் போட்டு, முதல் ஸ்லைடாகக் கூடத்துக்குக் கொண்டுபோனார்.

"வைப்பர் ரொம்ப நல்லா வந்திருக்கு கண்ணு" என்றார் கசாப்புக்கடை டெஸ். "பின்னாடி நீலமா என்னமோ தெரியுதே, அது என்ன?"

கூடமே சிரித்தது. மறுமாதம் நோலீன் பேருந்தைவிட்டு இறங்கி, ஓய்வு நாளில் போய் எடுத்து வந்தார். "எஞ்சின் மண்டையில கம்பம் முளைச்சிருக்கு" என்றார் டெஸ். அடுத்த முறை கம்பம் போனது, ஆனால் எஞ்சினின் முகம் இருண்டிருந்தது. "சூரியன் உன் முதுகுல அடிக்கணும்மா, ரயிலு முதுகுல இல்ல." அதையும் திருத்திக்கொண்டு போனால் கடைசிப் பெட்டி பாதியோடு நின்றது. "வாலை ஏன் வெட்டின? இந்த ஊர்ல கறி வெட்டுறவன் நான் ஒருத்தன் போதாதா?"

ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் திரும்பும் வழியெல்லாம் டெஸ்ஸின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். கிளாரி வண்டியை ஓட்டிக்கொண்டு உம் கொட்டுவார். அவருக்கு ரயில் என்றால் வேப்பங்காய். ஆனாலும் சனிக்கிழமைதோறும் நோலீனைப் பாதையோரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு காரிலேயே தூங்குவார்.

ஒரு குளிர்கால வெள்ளியன்று டெஸ் ஸ்லைடை வெகுநேரம் பார்த்தார். எழுந்து சுவருக்கே போய்ப் பார்த்தார். கடைசியில், "அந்த மாடு நமக்குப் பின்பக்கத்தக் காட்டிட்டு நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரயிலில் குற்றம் இல்லை! நோலீன் வீடுவரை பாடிக்கொண்டே வந்தார். "நாளைக்கு வேணா நான் போய் மாட்டைத் திருப்பி நிறுத்தட்டுமா?" என்றார் கிளாரி.

அந்தச் சங்கத்தில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று இருந்தது. ஸ்லைடை இடவலம் மாற்றிச் செருகிவிட்டால் எஞ்சின் எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். அப்படிச் செய்தவர் அடுத்த மாதம் எல்லாருக்கும் தேங்காய்த்தூளில் புரட்டிய லாமிங்டன் கேக் செய்துகொண்டு வர வேண்டும். தலைவர் பெவனே இரண்டு முறை அகப்பட்டு, தேங்காய்த்தூளும் கையுமாக வந்து நின்றிருக்கிறார். நோலீனுக்கும் அது ஒரு முறை நேர்ந்ததுண்டு.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் கிளாரி போய்விட்டார். காலையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். சங்கத்தார் அத்தனை பேரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அடக்கத்துக்கு வந்தார்கள். டெஸ் கேட்காமலே வந்து குளிர்காலத்துக்கு விறகு வெட்டிப் போட்டார். நோலீன் அதை மறந்தவரில்லை.

துக்கம் கொஞ்சம் அடங்கி அவர் மறுபடி கூடத்துக்கு ஸ்லைடு கொண்டுபோனபோது, "அழகு" என்றார் பெவன். "நல்லா இருக்கு கண்ணு" என்றார் டெஸ். படத்தில் எஞ்சின் மண்டையில் கம்பம் நின்றது. வாலும் வெட்டுப்பட்டிருந்தது. அடுத்த மாதமும் அதே அழகு, அதே நல்லா இருக்கு. வீட்டில் பக்கத்து வீட்டார் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பேருந்தில் பிள்ளைகள்கூடச் சண்டை போடவில்லை. அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். போகும் இடமெல்லாம் அவர் கிளாரியின் விதவை. இந்தக் கூடம் ஒன்றில்தான் அவர் இன்னும் நோலீனாக இருந்தார், இப்போது அதுவும் பறிபோய்க்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதார்.

அதற்கடுத்த மாதத்து வெள்ளியன்று, ஸ்லைடுகள் அடுக்கிய தன் வட்டத்தட்டின் கடைசி ஸ்லைடை வேண்டுமென்றே திருப்பிப் போட்டுக்கொண்டு போனார். முதல் பத்துப் படங்களுக்கும் வழக்கம்போல் பாராட்டு. பதினொன்றாவது சுவரில் விழுந்தது. எஞ்சின் எண் திரும்பிக் கிடந்தது. ஸ்டேஷன் பலகையில் ஊர்ப்பெயரும் திரும்பிக் கிடந்தது. யாரோ இருமினார்கள்.

"நல்ல வெளிச்சம்" என்றார் பெவன்.

நோலீன் எழுந்து ப்ரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றார். எஞ்சின் அவருடைய கம்பளிச் சட்டையில் விழுந்தது.

"செத்தது என் புருஷன்தான்யா. உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பெவன் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்.

"ஊரே எங்கிட்ட மெதுவாப் பேசுது. நீங்களுமா? டெஸ், உன்னத்தான் கேக்குறேன். என்ன தெரியுது?"

டெஸ் கனைத்துக்கொண்டார். "நம்பரு... திரும்பியிருக்கு."

"காதுல விழல."

"நம்பரு திரும்பிக் கெடக்கு!" என்று இரைந்தார் டெஸ். "லாமிங்டன் உன் பாடு! போன தடவை மாதிரி செங்கல்லு சுட்டுக் கொண்டாந்தே, சங்கத்தவிட்டே நான் போயிருவேன்!"

"தரையும் சாஞ்சிருக்கு" என்றார் பெவன், தயங்கித் தயங்கி. "விட்டா வண்டி மெல்போர்னுக்கு உருண்டே போயிரும் போல."

"ஓரத்துல உங்க கார் மூக்கு தெரியுதும்மா" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கிளாரி இருந்தா தள்ளி நிறுத்தியிருப்பாரு."

கிளாரி போனபின் அந்தப் பெயரை அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நோலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தள்ளி எங்க நிறுத்துவாரு? தூங்கிட்டிருப்பாரு" என்றார். டெஸ்தான் முதலில் சிரித்தார்.

நோலீன் குல்லாவைக் கழற்றி அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, ப்ரொஜெக்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ப்ரொஜெக்டரின் பொத்தான் பெட்டியைக் கையில் எடுத்தார். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். வட்டத்தட்டு ஒவ்வொரு ஸ்லைடாகப் பின்வாங்கி, முதல் படத்தில் வந்து நின்றது. "இப்போ முதல்லேர்ந்து சொல்லுங்க, என்ன தப்பு?" என்றார்.