குதிரையை விட்டு இறங்கியவன்

இன்று காலை செல்போனில் ஒரு செய்தி வந்தது. முன்னணி ஜாக்கி ஒருவர் இளவயதிலேயே பந்தயத்தை விட்டு விலகுகிறாராம். கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் அந்தமான் பத்துபஸ்தியில் நாங்கள் அப்போது இருந்த தகரக்கூரை வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே குதிரைப் பந்தயம் கிடையாது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கிண்டி ரேஸ் மைதானத்துப் பக்கம் வளர்ந்தவர்கள். கப்பலில் நாளிதழ்க் கட்டு வந்தால் முதலில் பந்தயப் பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். இருவருக்கும் ஒரே ஜாக்கியின் மேல்தான் பிரியம்.

ஒருநாள் அவன் விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்ததில் உடம்பு கெட்டுவிட்டதாம்.

"ஜெயிச்சிட்டு இருக்கும்போதே சோட் தியா. இப்படியா விட்டுட்டுப் போவான்?" என்று அப்பா பேப்பரைத் தள்ளி வைத்தார்.

அம்மா அதை எடுத்து மறுபடியும் படித்தாள். "இத்தனை வருசமும் அரை வயித்தோடதான் ஓட்டியிருக்கான். போதும்ங்க."

மாலையில் மழை தகரத்தில் இரைந்தது. அடுப்பில் தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டுக் குழம்பு கொதித்து, வீடெல்லாம் மணந்தது.

"என்ன விசேஷம்?" என்றார் அப்பா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அந்தப் பிள்ளை இன்னிக்கு வயிறாரச் சாப்பிடும்ல. நாமளும் சாப்பிடுவோம்."

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது, "சரியாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.

இன்றைய செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இவன் வீட்டுக்காரி இனிமே நிம்மதியாத் தூங்குவா" என்றாள்.