கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் வேண்டிய மாடு

ஆனேக்கல்லில் மாட்டுத் தீவனம் என்றால் என் கடைதான். நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்து, பொம்மனஹள்ளியில் ஒரு மண்டியில் தவிட்டு மூட்டை சுமந்தேன். பிறகு ஒரு கறவை மாடு, சைக்கிளில் பால், இன்னும் நாலு மாடு, ஒரு கடை, ஊர் ஓரத்தில் நிலம், அதில் கொட்டகை. யாரும் என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்றைக்குக் கொட்டகையில் முப்பது மாடு, ஒன்று நாட்டு மாடு, மற்றதெல்லாம் சீமைக் கலப்பு, நிற்கிறதென்றால் அத்தனையும் என் முதுகு சம்பாதித்தது.

கொட்டகை போட்டபோது சுற்றிலும் ராகி வயல். அந்த வயலில்தான் பிற்பாடு அபார்ட்மெண்ட் வந்தது. அவர்கள்தான் என் பக்கத்தில் வந்தார்கள், நான் அவர்கள் பக்கத்தில் போகவில்லை. வீடு விற்றவன் பால்கனியில் நிறுத்தி என் மாடுகளைக் காட்டி, "கிராமத்துச் சூழல் சார்" என்று சொல்லித்தான் விற்றான். அதைக் கேட்டு வாங்கியவர்களுக்குக் குடிவந்த பிறகு மூக்கு முளைத்துவிட்டது.

சாணி நாற்றம், கொசு, விடியற்காலையில் மாடு கத்துகிறது என்று அசோசியேஷன்காரர்கள் நகரசபையில் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்து ஓர் அதிகாரி என் கடைக்கே வந்தார். நல்ல மனுஷன்.

"அண்ணா, அடுத்த வாரம் புதன்கிழமை நான் வந்து பாக்கணும். அத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்களுக்காகப் பேச ஒருத்தர்கூட இல்லன்னா, கொட்டகைய எடுக்கச் சொல்லித்தான் நான் எழுதணும்."

"முப்பது மாட்ட எங்க சார் ஓட்டிட்டுப் போவேன்?"

எனக்கே தெரியும். கறக்கிற மாட்டை எவனாவது வாங்குவான். கறவை நின்றதைத் தரகன்தான் வாங்குவான், அது எங்கே போகும் என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. எனக்குச் சோறு போட்டதை அப்படி அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு கடையில் உட்காருவேன்?

இந்தக் கொதிப்பில் நான் இருக்கும்போதே அந்த அசோசியேஷன் செக்ரட்டரி கடைக்கு வந்தார். சேலத்துக்காரர், ஐ.டி. கம்பெனி வேலை. புகாரில் முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது பிளாக்கில் இன்னும் பெரிய வீடாக வாங்கியிருக்கிறாராம்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். உங்க நாட்டு மாடும் கன்னும் வேணும்."

"வேற மாடு கெடைக்கலியா சார்?"

"ஹெப்பகோடி வரைக்கும் தேடிட்டோம் அங்கிள். எங்கயும் இல்ல. எல்லாம் காலி பண்ணிட்டாங்களாம்."

"பண்ணிட்டாங்களா, பண்ண வெச்சாங்களா?"

அவர் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் நான் ஒப்புக்கொண்டேன். புது வீட்டுக்கு மாடு கேட்டு வந்தவனை இந்த ஊரில் நான் திருப்பி அனுப்பியதில்லை. அதற்குக் காசு வாங்கியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கன்றோடு நானே பிடித்துக்கொண்டு போனேன். டைல்ஸ் தரையில் குளம்பு வழுக்கும், அதனால் தோளில் ஈரச் சாக்குகளும் எடுத்துக்கொண்டேன். முன்கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான்.

"மாடு பின்கேட். ஆர்டர்."

பின்கேட் குப்பை வண்டி போகிற வழி. நான் நகரவில்லை.

"லட்சுமி குப்பை வழியா வரணுமான்னு உங்க செக்ரட்டரிய கேட்டுச் சொல்லுப்பா. அதுவரைக்கும் நாங்க இங்கயே நிக்கறோம்."

முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் பட்டு வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, செக்யூரிட்டியைப் பிடித்து ஏசினார். முன்கேட் திறந்தது.

வீடு தரைத்தளத்தில்தான். வாசலுக்கு முன்னால் நீளமாகக் கிரானைட் வராந்தா. அங்கே செக்ரட்டரி என் காதருகில் குனிந்தார்.

"அங்கிள், இது எல்லாருக்கும் பொது இடம். இங்க சாணி போட்டுட்டா கம்ப்ளெயிண்ட் ஆயிடும். வீட்டுக்குள்ள போட்டா நல்லது, அம்மா ரொம்ப ஆசைப்படறாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"அதுக்கென்ன சார் சுவிட்ச்சா வெச்சிருக்கு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சாக்குகளை விரித்து மாட்டை மெதுவாக உள்ளே நடத்தினேன். என் மாடு என் மானத்தைக் காப்பாற்றியது என்பதா, அவர்கள் மானத்தைக் காப்பாற்றியது என்பதா, தெரியவில்லை. ஹாலுக்கு நடுவில் நின்று வாலைத் தூக்கியது. கோமியம் புதுத் தரையில் ஓடியது, பின்னாலேயே சாணியும் விழுந்தது. செக்ரட்டரியின் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெண்கள் கோமியத்தைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்கும்போதே கேட்டேன்.

"சார், இதே சாணிதான் என் கொட்டகையிலயும் கெடக்குது. அங்க நாறுது, இங்க மணக்குதா?"

"அது வேற விஷயம் அங்கிள். இப்ப வேண்டாமே, விருந்தாளிங்க இருக்காங்க."

"எனக்கு ஒரே மாடுதான் சார். காலைல லட்சுமி, சாயங்காலம் புகார்னு ரெண்டு மாடு இல்ல."

அவர் அவசரமாகத் தட்டை என் பக்கம் நீட்டினார். தட்டில் வைத்துக் கொடுத்த வேட்டியை நான் வாங்கவில்லை.

மாட்டை வெளியே கொண்டுவரும்போது அந்த பிளாக்கில் புதிதாக வீடு வாங்கிய மூன்று குடும்பத்தார் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். எல்லோருக்கும் அதே முகூர்த்த மாதம், எல்லோருக்கும் மாடு வேண்டும். முப்பது வருஷம் வியாபாரம் பண்ணியவன் நான். எதிராளிக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பேச்சு எப்படிப் போகவேண்டும் என்று எனக்கு யாரும் படித்துக் கொடுக்க வேண்டாம்.

"மாடு வரும். புதன்கிழமை நீங்க கொட்டகைக்கு வரணும். அதிகாரி முன்னாடி நின்னு, இந்த மாடு இங்கயே இருக்கட்டும்னு வாயால சொல்லணும். சொன்னவங்க வீட்டுக்கு மட்டும்தான் அது வாசப்படி ஏறும்."

புதன்கிழமை மூன்று குடும்பமும் வந்தது. அதில் ஒரு அம்மா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடக்காரர். அதிகாரியை நேராகப் பார்த்து, "ஹசு இல்தே கிருகப்பிரவேச ஹேகே மாடோது சார்?" என்றார். பசு இல்லாமல் எப்படிப் புதுவீடு புகுவது என்று அர்த்தம். செக்ரட்டரி ஓரமாக நின்றார். அவர் அம்மா, என் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இத எதுக்குடா தொரத்தப் பாக்கற?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

விடிவதற்குள் சாணியை அள்ளிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி அதிகாரி புகாரை முடித்தார். அதை நான் கொட்டகை போட்ட நாளிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

கொட்டகை நிற்கிறது. ஊரில் எல்லோரும் நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் ஒருவராவது, இத்தனை காலம் இந்த ஊருக்குப் பால் ஊற்றியவன், இவன் கொட்டகை இங்கே இருக்கட்டும் என்று சொன்னாரா? இல்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்த ஒரு நாட்டு மாடுதான். அதன் தயவில் மற்ற இருபத்தொன்பதும் பிழைத்தன, கூடவே நானும்.